வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: நெல்லை, பாளையங்கோட்டை வட்டாரத்துக்கு

பெருமாள்புரத்தில் ஒரு மாடி வீடும், நெல்லை டவுனில் பொது முற்றத்தைச் சுற்றி நான்கு குடித்தனம் இருக்கும் ஒரு வளவும் எங்கள் குடும்பத்துக்கு உண்டு. ஒப்பந்தம், வாடகை வசூல், குழாய் ரிப்பேர் எல்லாம் என் பொறுப்பு. அதனாலேயே கல்யாணப் பந்தியிலும், வீட்டு வரி கட்டும் வரிசையிலும் யாராவது ஒருவர் என்னைப் பிடித்துக்கொள்வார். கேட்பவர் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை; ஆகவே எழுதி வைத்துவிட்டேன். ஒன்றிரண்டு வீடு வைத்திருப்பவர்களுக்கானது இது. வணிக வளாகம் வைத்திருப்பவர்களுக்கு வக்கீலும் ஆடிட்டரும் இருக்கிறார்கள்.

இருப்பது ஒரே ஒரு மாடி வீடு. தெரிந்த பையனுக்குத்தான் விடுகிறேன். இதற்குப் போய் ஒப்பந்தமா?

தெரிந்த பையன் என்பதால்தான் ஒப்பந்தம். தெரியாதவரிடம் ‘ஐந்தாம் தேதிக்குள் வாடகை வந்துவிட வேண்டும்’ என்று கூசாமல் சொல்லிவிடுவோம். தெரிந்தவரிடம் முகத்தாட்சணியம் வாயைக் கட்டிவிடும். வண்டி எங்கே நிறுத்துவது, மோட்டார் யார் போடுவது, தம்பி வந்து எத்தனை நாள் தங்கலாம் என்று முதல் நாள் பேசாமல் விட்ட ஒவ்வொன்றும் ஆறு மாதத்தில் மனத்தாங்கலாக வந்து நிற்கும். எனக்குத் தெரிந்து நம் பக்கம் வாடகைத் தகராறுகளில் பாதிக்கு மேல் இப்படிப் பிறந்தவைதான்.

சட்டமும் அதையே கேட்கிறது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக 2017-இல் இயற்றப்பட்ட, வீட்டு உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாடு சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நகர்ப்புறங்களில் வாடகை என்றால் எழுத்து ஒப்பந்தம் வேண்டும். அதை 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலையில் உள்ள அலுவலர்தான் இந்த வாடகை அதிகாரி. இதற்கென்று அரசின் இணையதளமே இருக்கிறது. கிராமத்தில் வீடு என்றாலும் எழுதிக்கொள்வதில் நட்டம் ஒன்றும் இல்லை.

பதினோரு மாதம் என்று எழுதினால் பதிவே வேண்டாம் என்கிறார்களே?

இரண்டு பதிவுகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வரும் பேச்சு இது. சார்பதிவாளர் அலுவலகப் பதிவு ஒன்று. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு அது கட்டாயம். பதினோரு மாதம் என்று எழுதும் வழக்கம் அதைத் தவிர்க்க வந்தது. வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு. அதற்குக் காலக் கணக்கு இல்லை, பதினோரு மாதம் என்றாலும் செய்ய வேண்டும். ‘பத்திரத் தாளில் எழுதி இரண்டு சாட்சி போட்டாயிற்று’ என்று இருந்துவிட்டு, வழக்கு என்று வரும்போது அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பதினோரு மாதத்தை எங்கே முடிப்பது என்பதையும் யோசியுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பால் காய்ச்சமாட்டார்கள். செப்டம்பரில் குடிவந்தவரின் ஒப்பந்தம் ஜூலைக் கடைசியில், அதாவது நடு ஆடியில் முடியும். அவர் அப்போது காலி செய்தால் ஆவணி பிறக்கும்வரை வீடு பூட்டிக் கிடக்கும். முதல் ஒப்பந்தத்தை எட்டோ ஒன்பதோ மாதத்துக்குப் போட்டு, முடிவை ஏப்ரல், மே மாதத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் வீடு தேடும் கூட்டம் தானாக வந்து சேரும்.

ஒப்பந்தத்தில் என்னதான் எழுத வேண்டும்? கடையில் விற்கும் அச்சடித்த படிவம் போதாதா?

படிவத்தில் பெயர், வாடகை, முன்பணம், காலம் இருக்கும். சண்டைக்குக் காரணமாகும் எதுவும் அதில் இருக்காது. நான் பின்னிணைப்பாக ஒரு தாள் சேர்ப்பேன். யார் யார் குடியிருக்கப் போகிறார்கள், இரு சக்கர வண்டி எத்தனை, கார் உண்டா, குடிவரும் நாளன்று மின்மீட்டரில் காட்டிய எண், சாவிகள் எத்தனை, மின்விசிறி, குழல்விளக்கு, கீசர் எந்த நிலையில் இருக்கின்றன, மாநகராட்சித் தண்ணீர் வரும் நாளில் தொட்டிக்கு யார் திறந்துவிடுவது, மொட்டை மாடியில் வடகம் போடலாமா என்பதுவரை எழுதிவிடுவேன். சிரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போடுவார்கள்.

வளவு வீடு என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஒரே குழாய், ஒரே முற்றம், பல இடங்களில் கழிப்பறையும் பொது. தார்சாவில், அதாவது முன்பக்கத் தாழ்வாரத்தில், யார் செருப்பு கிடக்கிறது என்பதில்கூட வழக்கு வரும். பொது இடத்தைச் சுத்தம் செய்யும் முறை, பொது விளக்கின் மின் கட்டணம், கழிவுநீர்த் தொட்டி எடுக்கும் செலவில் ஒவ்வொரு குடித்தனத்தின் பங்கு ஆகிய மூன்றையும் நான்கு ஒப்பந்தங்களிலும் ஒரே வாசகத்தில் எழுதுங்கள். குடிவரும் நாளன்று ஒவ்வோர் அறையையும் கைப்பேசியில் படம் எடுத்து அவருக்கும் அனுப்பிவிட்டால், காலி செய்யும்போது ‘இந்த விரிசல் முன்பே இருந்தது’ என்ற பேச்சுக்கு இடம் இல்லை.

முன்பணம் எத்தனை மாதம் வாங்கலாம்? பக்கத்து வீட்டில் பத்து மாதம் வாங்குகிறார்கள்.

மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்பது சட்டத்தின் பொது விதி. இருவரும் ஒப்புக்கொண்டு வேறு விதமாக எழுதிக்கொண்டால் அது செல்லும். ஆகவே அதிகம் வாங்குவதானால் அது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். வாய்ப்பேச்சாக இருக்கக் கூடாது. வீடு காலியான ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிவு போக, மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால் பத்து மாதம் வேண்டாம். வாங்கிய பணம் கையில் நிற்பதில்லை. அடுத்த குடித்தனக்காரர் கொடுத்தால்தான் இவருக்குத் திருப்பித் தர முடியும் என்ற நிலைக்கு வந்தவர்கள், காலி செய்யச் சொல்லும் தைரியத்தையே இழந்துவிடுகிறார்கள்.

ஒத்திக்குக் கேட்கிறார்கள். ஐந்து லட்சம் மொத்தமாகக் கிடைக்கும், கொடுக்கலாமா?

முதலில் கணக்கு. ஒத்தியில் வாடகையும் இல்லை, வட்டியும் இல்லை. தொகையை வாங்கிக்கொண்டு வீட்டைக் கொடுக்கிறோம், கெடு முடிந்ததும் தொகையைக் கொடுத்து வீட்டை மீட்கிறோம். சென்னைப் பக்கம் இதையே போக்கியம், லீஸ் என்கிறார்கள். ஐந்து லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் ஆண்டுக்கு 35,000 ரூபாய். மாதத்துக்கு மூவாயிரம்கூட வராது. அதே வீட்டுக்கு ஏழாயிரம் வாடகை கிடைக்கும் என்றால் பாதிக்கு மேல் விட்டுக்கொடுக்கிறீர்கள். 18 சதவீத வட்டிக்கு வாங்கிய கடன் ஒன்று கழுத்தை நெரிக்கிறது, ஒத்திப் பணத்தால் அதை அடைத்துவிடலாம் என்றால் மாதம் 7,500 ரூபாய் வட்டி மிச்சம். அப்போது ஒத்தி சரி. மகள் கல்யாணத்துக்கு என்றால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். கல்யாணச் செலவு திரும்பி வராது. ஒத்திப் பணம் மட்டும் திரும்பப் போக வேண்டும்.

சட்டப்படி ஒத்தி என்பது வாடகை அன்று, சுவாதீன அடமானம். நூறு ரூபாயும் அதற்கு மேலும் என்றால் அதைப் பதிவு செய்தாக வேண்டும் என்று சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் பத்திரத் தாளில் எழுதிக் கைமாற்றிக்கொள்வதோடு சரி. முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் பயந்துதான். பதிவு செய்தால் வில்லங்கச் சான்றில் ஏறும். ஒத்தி தீர்ந்ததும் மீட்புப் பத்திரத்தையும் பதிவு செய்தால்தான் சான்று சுத்தமாகும். தொகையை வங்கி வழியாகவே வாங்குங்கள், வங்கி வழியாகவே திருப்பிக் கொடுங்கள். கடனாகவோ வைப்பாகவோ 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது; மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்தால், வங்கியின் சம்மதம் இல்லாமல் ஒத்திக்கு விடவே கூடாது.

இதில் மாட்டிக்கொள்வோர் எல்லோரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மூன்று ஆண்டு முடிகிறது, கையில் பணம் இல்லை. ஒத்திக்காரர் நல்லவராக இருந்தாலும் பணம் வராமல் எழுந்துபோகமாட்டார். அதில் தவறும் இல்லை. புதிய ஒத்திக்காரரைத் தேடி, அவர் பணத்தை இவருக்குக் கொடுத்து, இப்படியே பத்தாண்டு ஓடிய வீடுகள் டவுனில் இருக்கின்றன. தொகையில் பாதியாவது நிலையான வைப்பில் கிடக்கட்டும். அது முடியாது என்றால் ஒத்தியே வேண்டாம்.

மேல் வீடு, கீழ் வீடு இரண்டுக்கும் ஒரே மின் இணைப்பு. யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வாங்கிக்கொள்ளலாமா?

வேண்டாம். மின் கட்டணம் படிப்படியாக ஏறுகிற கட்டணம். இரண்டு குடித்தனத்தின் யூனிட்டும் ஒரே மீட்டரில் ஓடினால் உயர்ந்த படிக்குப் போய்விடும். வீட்டு இணைப்புகளுக்கு 2016-இல் வந்த, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசச் சலுகையும் இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒன்றுதான் கிடைக்கும். தனிச் சமையலறையும் தனி வாசலும் உள்ள பகுதிக்குத் தனி இணைப்புக்கு விண்ணப்பித்துவிடுங்கள். வாரியம் வாங்குவதைவிட அதிகமாகக் குடித்தனக்காரரிடம் வாங்கி லாபம் பார்ப்பது முறையும் இல்லை, கேட்டால் பதில் சொல்லவும் முடியாது.

தனி இணைப்பு வந்தபின் கட்டணத்தை அவரே நேரடியாகக் கட்டட்டும். ஆனால் இணைப்பு உங்கள் பெயரில் இருப்பதால் பாக்கி விழுந்தால் அது உங்கள் தலையில். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அட்டையைப் பார்ப்பதும், காலி செய்யும் நாளில் மீட்டர் எண்ணைக் குறித்து அதுவரைக்குமான தொகையை முன்பணத்தில் கழிப்பதும் வழக்கமாக இருக்கட்டும்.

குழாய் ஒழுகினால், சுவிட்ச் போனால் எல்லாம் நான்தான் செலவழிக்க வேண்டுமா?

சட்டத்தின் அட்டவணை இதைத் தெளிவாகப் பிரித்திருக்கிறது. கட்டட அமைப்பில் பழுது, வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம், தண்ணீர்க் குழாய் வரிசையை மாற்றுவது, மின்கம்பி வேலை ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய்த் திருகும் வாஷரும், சுவிட்ச், பிளக், கீசர் பழுது, பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, சாக்கடை அடைப்பு ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. வேறு விதமாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளத் தடை இல்லை.

‘காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயின்டுக்குப் பிடித்துக்கொள்வேன்’ என்பது ஊர் வழக்கம். எழுதாமல் பிடித்தால் அது வெறும் வழக்கம்தான். வெள்ளையடிப்பு உங்கள் பொறுப்பு என்ற விதியை அவர் காட்டினால் பேச்சு முடிந்தது.

2023 வெள்ளம் மாதிரி மறுபடி வந்தால்? வண்ணார்பேட்டையில் எங்கள் கீழ் வீடு மூழ்கியதே.

அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஏறியபோது ஜங்ஷன், வண்ணார்பேட்டை, கைலாசபுரம் பக்கம் கீழ்த்தளங்களில் இருந்தவர்கள் பட்டது ஊருக்கே தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் வீடு இருந்தால், பார்க்க வருகிறவரிடம் தண்ணீர் எதுவரை ஏறியது என்று சுவரைக் காட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் எதிர்த்த வீட்டம்மா சொல்லிவிடுவார்.

மீட்டர்ப் பெட்டியையும் மோட்டார் சுவிட்சையும் அந்தக் கோட்டுக்கு மேலே ஏற்றுங்கள். தண்ணீர் வடிந்தபின் கம்பிகளைச் சோதிக்காமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது. மின்கம்பி உங்கள் பொறுப்பு என்று மேலே சொன்னேன். தொட்டியில் சேறு எடுப்பதும் உங்கள் செலவுதான். குடியிருக்க முடியாத நாட்களுக்கு வாடகை உண்டா இல்லையா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். நான் ‘இல்லை’ என்றுதான் எழுதுகிறேன்.

‘நீங்கள் எந்த ஆட்கள்’ என்று கேட்டுத்தானே எல்லோரும் கொடுக்கிறார்கள். நான் கேட்டால் தவறா?

நேராகக் கேட்கக் கூச்சப்பட்டு, சொந்த ஊர் எது, எந்தத் தெரு, குலதெய்வம் எது என்று சுற்றி வளைப்பார்கள். ‘சைவர்களுக்கு மட்டும்’ என்ற பலகையும் பல இடங்களில் இதே வேலையைத்தான் செய்கிறது. தவறுதான். உபயோகமும் இல்லை. வாடகை ஒழுங்காக வருமா, வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பாரா என்ற இரண்டுக்கும் சாதியில் பதில் கிடையாது. சொந்தக்காரரிடம் வாடகை பாக்கி கேட்க முடியாமல் தவிப்பவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள்.

கேட்க வேண்டியவை வேறு. எங்கே வேலை, கடைசியாக இருந்த வீட்டுக்காரரின் தொலைபேசி எண் என்ன, ஏன் காலி செய்கிறார். முந்தைய வீட்டுக்காரரிடம் இரண்டு நிமிடம் பேசினால் போதும். ஆதார் நகலும் புகைப்படமும் வாங்கி, காவல் நிலையத்தில் குடியிருப்போர் விவரத்தைக் கொடுத்துவைப்பது நல்லது.

கல்லூரிப் பையன்களுக்கு விடலாமா? அண்ணாச்சி, ஐந்து பேர் சேர்ந்து அதிக வாடகை தருகிறேன் என்கிறார்கள்.

பாளையங்கோட்டையில் கல்லூரிகளும், ஹைகிரவுண்டில் மருத்துவக் கல்லூரியும் இருக்கும்வரை இந்தக் கேள்வி ஓயாது. விடலாம். ஐந்து பேரும் கையெழுத்திட வேண்டும், ஒவ்வொருவரும் முழு வாடகைக்கும் பொறுப்பு என்று எழுத வேண்டும், பெற்றோரில் ஒருவராவது நேரில் வந்து பார்க்க வேண்டும். ஒருவர் படிப்பு முடிந்து போய் இன்னொருவர் வந்தால் உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும். விடுமுறை மாதங்களுக்கு வாடகை உண்டு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பெண்களுக்கான விடுதி நடத்துகிறேன், வீட்டை மொத்தமாகக் கொடுங்கள் என்று ஒருவர் வந்தால் அது வேறு கணக்கு. பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளை ஒழுங்குபடுத்தும் 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி உரிமம் இல்லாமல் அதை நடத்தக் கூடாது. உரிமம் எடுப்பது அவர் வேலை. உரிமம் இல்லாவிட்டால் ஒப்பந்தம் முடிந்துவிடும் என்று எழுதுவது உங்கள் வேலை.

வாடகை ரசீது கேட்கிறார், பான் எண்ணும் கேட்கிறார். கொடுத்தால் எனக்கு வரி வருமா?

ரசீது கொடுப்பது உங்கள் கடமை. ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், சம்பளக்காரர் வீட்டு வாடகைப் படிக்கு வரிச்சலுகை கேட்கும்போது உங்கள் பான் எண்ணைக் காட்ட வேண்டும். எண்ணை மறைத்து யாரும் வரியிலிருந்து தப்பியதில்லை. பணம் உங்கள் வங்கிக் கணக்கில்தானே வருகிறது.

பயப்படும் அளவுக்கு வரியும் இல்லை. மாதம் 8,000 என்றால் ஆண்டுக்கு 96,000. கட்டிய வீட்டு வரி 3,000 போக 93,000. அதில் 30 சதவீதம், அதாவது 27,900 ரூபாயைப் பராமரிப்புக்கென்று சட்டமே கழித்துவிடுகிறது. நீங்கள் செலவழித்தீர்களா என்று கேட்பதில்லை. மீதி 65,100 ரூபாய்தான் உங்கள் மற்ற வருமானத்தோடு சேரும். வீட்டு வரியைக் கட்டிய ஆண்டில்தான் கழிக்க முடியும். அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்திலேயே, ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டிவிட்டால் 5 சதவீத ஊக்கத்தொகையும் உண்டு.

கீழே ஒரு கடையை வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஜி.எஸ்.டி. கட்ட வேண்டுமா?

உங்கள் வரவு ஆண்டுக்கு 20 லட்சத்துக்குள் என்றால் நீங்கள் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் கடைக்காரர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர் என்றால், 2024 அக்டோபர் 10 முதல் அந்த வாடகைக்கான 18 சதவீதத்தை அவரே நேரடியாகச் செலுத்த வேண்டும். அதை உங்கள் வாடகையில் குறைக்கப் பார்ப்பார். ‘வரி தனி’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் இணக்க வரித் திட்டத்தில் (காம்போசிஷன்) இருக்கும் சிறு கடைக்காரருக்கு இந்தச் சுமை இல்லை.

வீடு என்று வாங்கிவிட்டுத் தையல் கடை போட்டுவிட்டார். விட்டுவிடலாமா?

ஒரு தையல் இயந்திரம் வைத்து அக்கம்பக்கத்துக்குத் தைத்துக் கொடுத்தால் கண்டுகொள்ள வேண்டாம். பலகை மாட்டி, ஆள் வைத்து நடத்தினால் விடக் கூடாது. வீட்டு இணைப்பில் வணிகம் நடந்தால் மின்வாரியம் வணிகக் கட்டணத்தோடு அபராதமும் போடலாம். வீட்டு வரியும் குடியிருப்பு அல்லாத கட்டடம் என்று மாறும். எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தும் நிறுத்தாவிட்டால், காலி செய்யக் கேட்பதற்கு அதுவே ஒரு காரணம்.

ஆண்டுக்கு எவ்வளவு வாடகை ஏற்றலாம்?

ஒப்பந்தத்தில் எழுதியபடி. 5 சதவீதம் என்று எழுதினால் 5 சதவீதம். எழுதாமல் நடுவில் போய் ஆயிரம் ரூபாய் ஏற்றுகிறேன் என்றால், அவர் மறுக்கலாம். ஒழுங்காக வாடகை தருகிற ஆள் என்றால் முந்நூறு ரூபாய்க்காக இழக்காதீர்கள். வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்து, தரகருக்கு ஒரு மாத வாடகையும் கொடுத்தால் அந்த ஏற்றம் எத்தனை ஆண்டில் ஈடாகும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

வாடகை இரண்டு மாதமாக வரவில்லை. தண்ணீரை நிறுத்தினால் தானாக வந்துவிடும் என்கிறார் மைத்துனர்.

மைத்துனரை இந்த விஷயத்தில் தள்ளி வையுங்கள். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதைச் சட்டம் வெளிப்படையாகத் தடுக்கிறது. அதுவரை பாக்கிக்காரராக இருந்தவர் அன்று முதல் புகார்தாரர் ஆகிவிடுவார். கூடுதல் பூட்டுப் போடுவது, சாமானை வெளியே வைப்பது, நான்கு பேரைக் கூட்டிப்போய்ச் சத்தம் போடுவது எல்லாம் இதே வகைதான்.

வழி இதுதான்: இரண்டு மாத பாக்கி சேர்ந்ததும் தொகையைக் குறிப்பிட்டு எழுத்தில் கோரிக்கை நோட்டீஸ், ஒப்புகையுடன் அஞ்சலில். நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் முழு பாக்கியும் வராவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் வீட்டைத் திரும்பக் கேட்டு மனு செய்யலாம். ஒரு மாதத்துக்குள் கட்டிவிட்டால் அந்தக் காரணம் போய்விடும். வேலை போனவர், வீட்டில் நோயாளி இருப்பவர் என்றால் நோட்டீசுக்கு முன் உட்கார்ந்து பேசுங்கள். தவணை ஒப்புக்கொண்டால் அதையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

காலி செய்யவைக்க வேண்டும் என்பதற்காக வாடகையை வாங்காமல் இருக்கலாமா?

பழைய தந்திரம். பலிக்காது. நீங்கள் மறுத்தால் அவர் வாடகை அதிகாரியிடம் வைப்பாகச் செலுத்திவிட்டு நிம்மதியாக இருப்பார். பாக்கிக்காரர் என்று அவரைச் சொல்லவும் முடியாது.

மகன் பெங்களூரிலிருந்து திரும்பி வருகிறான், வீடு எங்களுக்கே வேண்டும். ஆனால் ஒப்பந்தமே எழுதவில்லையே?

சொந்தத் தேவை, வீட்டைத் திரும்பக் கேட்பதற்குச் சட்டம் ஏற்கும் காரணம். எழுத்து ஒப்பந்தம் ஏற்படாமல் போனதும் தனியாகவே ஒரு காரணம்தான். ஆனாலும் நீதிமன்றத்துக்குப் போகும் முன், மூன்று மாத அவகாசம் கொடுத்து, ஆடி மார்கழியில் விழாத தேதியாகச் சொல்லுங்கள். முன்பணத்தைக் காலி செய்யும் நாளன்றே கையில் தருவேன் என்றும் சொல்லுங்கள். அந்தத் தொகை இருந்தால்தான் அவரால் அடுத்த வீட்டுக்கு முன்பணம் கட்ட முடியும். பல குடித்தனங்கள் நகராமல் இருப்பதற்குக் காரணம் அடமல்ல. கையில் பணம் இல்லாததுதான்.

பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தால் வீடு அவருக்கே சொந்தமாகிவிடும் என்கிறார்களே?

ஆகாது. உங்கள் அனுமதியோடு, வாடகை கொடுத்து இருப்பவரின் அனுபோகம் எதிரிடை அனுபோகம் அன்று. உங்களை உரிமையாளர் என்று ஏற்றுக்கொண்டு குடிவந்தவர் பிறகு அதை மறுக்கவும் முடியாது. பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு அனுமதியே இல்லாமல் உரிமையாளரை எதிர்த்து அனுபவிப்பவருக்கானது. ரேஷன் அட்டையிலும் வாக்காளர் அட்டையிலும் இந்த முகவரி ஏறினாலும் சொத்து மாறாது. முகவரிச் சான்று கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: ‘சொந்தக்காரர்தானே, சும்மா இருக்கட்டும்’ என்று வாடகையும் எழுத்தும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்த வீடு. வாடகை ஐந்நூறு ரூபாயாக இருந்தாலும் வங்கியில் வரட்டும்.

வீடு காலமான அப்பா பெயரிலேயே இருக்கிறது. நான் ஒப்பந்தம் போடலாமா?

வாரிசுகள் எல்லோரும் உரிமையாளர்கள். உடன்பிறந்தவர்களிடம் எழுத்தில் அதிகாரம் வாங்கிக்கொண்டு நீங்கள் கையெழுத்திடுங்கள். வாடகையை யார் வாங்குவது, எப்படிப் பிரிப்பது என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம். அக்கா தங்கைகளை விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கும் பங்கு உண்டு.

என் வீடுதானே, ஒரு சாவி வைத்துக்கொண்டு அவ்வப்போது போய்ப் பார்க்கலாமா?

கூடாது. பார்க்க வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் சொல்லிவிட்டு, பகலில் போக வேண்டும். தீப்பிடித்தது, குழாய் வெடித்தது என்றால் வேறு.

பூட்டிவிட்டுப் போனவர் மூன்று மாதமாக வரவே இல்லை. தொலைபேசியும் எடுக்கவில்லை. பூட்டை உடைக்கலாமா?

உடைக்காதீர்கள். உள்ளே என்ன இருந்தது என்று நாளைக்கு அவர் சொல்வதுதான் கணக்காகிவிடும்; இருபது பவுன் நகை இருந்தது என்று சொன்னாலும் மறுப்பதற்கு உங்களிடம் ஒன்றும் இருக்காது. ஒப்பந்தத்தில் உள்ள நிரந்தர முகவரிக்கும், வேலை செய்யும் இடத்துக்கும், சாட்சிக் கையெழுத்திட்டவர்களுக்கும் நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்காகத்தான் நிரந்தர முகவரியையும் உள்ளூர்ச் சாட்சியையும் ஒப்பந்தத்தில் கேட்கிறோம். காவல் நிலையத்தில் தகவல் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஆள் காணாமல் போயிருந்தால் அவர் குடும்பத்துக்கும் அது உதவும்.

பதில் வராவிட்டால், வாடகை பாக்கிக்குச் சொன்ன அதே வழியில் வாடகை நீதிமன்றத்துக்குப் போய், உத்தரவு வாங்கித்தான் திறக்க வேண்டும். திறக்கும் நாளில் சாட்சிகள் முன்னிலையில் ஒவ்வொரு பொருளையும் பட்டியல் எழுதிப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மிக்சியாக இருந்தாலும், கிழிந்த பாயாக இருந்தாலும் பட்டியலில் வரட்டும்.